ஓடைக்கரை வீட்டுத்திட்டம்: திருகோணமலையில ஆக்கள் என்னட்டத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நான் வீட்டுப் பிளான் கீறுற ஆள். டவுனுக்குள்ள ஒரு சின்ன அறை, ஒரு மேசை, அடிக்கடி பேப்பர் சிக்குற ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். ரெண்டு மாசமா பிளான் கீற வாறாக்களவிட இந்த ஓடைக்கரை வீட்டுத்திட்டத்தப் பத்திக் கேக்க வாறாக்கள்தான் கூட, தேத்தண்ணிக் கடையிலயும் அதுதான், கோயில் வாசலிலயும் அதுதான். ஒரே பதில ஒரு நாளைக்கு ஆறு தரம் சொல்லி வாய் நோகுது, அதால எழுதிப் போடுறன்.

ஓடைட பேர், கம்பனிட பேர், எந்த உள்ளூராட்சி சபை எண்டதெல்லாம் வேணுமெண்டுதான் போடேல்ல. டவுனிலயும் சுத்துவட்டாரத்திலயும் இதே மாதிரி நாளைக்கு இன்னொரு ஓடையில வரும், அப்பவும் இது உதவோணும். நான் வக்கீல் இல்ல. கோட்டுக்குப் போற அளவுக்கு விசயம் எண்டா வக்கீலட்டப் போங்க.

அண்ணே முதல்ல இது என்ன பிரச்சினை, ஆர் என்ன கட்டப் போறாங்க?

ஓடைய ஒட்டி ஆறு ஏக்கர் மட்டில ஒரு தனியார் காணி. பாதி மேடு, பாதி பள்ளம், பள்ளப் பக்கம் மழைக்குத் தண்ணி நிக்கும், ஓடைக்கிட்ட கண்டல் மரம் நிக்குது. ஒரு கம்பனி அதத் துண்டு போட்டு, வீதி போட்டு, வீடும் கட்டி விக்கப் போறம் எண்டு கேட்டிருக்கு. நூறு வீட்டுக்குக் குறைவு. சபையில இது எடுபட்டு ரெண்டு கூட்டமா வாக்குவாதம், ஒரு பக்கம் வீடு வேணும், வரி வருமானம் வரும் எண்டுறாங்க, மற்றப் பக்கம் வெள்ளம் வரும், மீன்பிடி போகும் எண்டுறாங்க. ரெண்டு பக்கமும் நல்லாச் சத்தம் போடுறாங்க. பிளான மேசையில விரிச்சு வச்சுக் கதைச்ச மாதிரித்தான் எனக்குத் தெரியேல்ல.

சபையில கைய உயர்த்தி ஓம் எண்டுட்டா நாளைக்கே கட்டத் தொடங்கிருவாங்களா?

இல்ல. இதுதான் கனபேர் பிழையா விளங்கி வச்சிருக்கிற விசயம். 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, யூ.டி.ஏ சட்டம் எண்டு சொல்லுவம். அந்தச் சட்டத்துக்குக் கீழ அபிவிருத்திப் பகுதி எண்டு பிரகடனப்படுத்தின இடத்தில காணி துண்டு போடுறதெண்டாலும் சரி, கட்டிடம் கட்டுறதெண்டாலும் சரி, அனுமதிப்பத்திரம் எடுக்காமச் செய்ய ஏலாது. அந்த அதிகாரத்த யூ.டி.ஏ உள்ளூராட்சி சபைக்குக் கைமாத்திக் குடுத்திருக்கும், அதப் பாக்கிறது திட்டமிடல் குழு. அதில யூ.டி.ஏ ஆக்கள், சபையிட தொழில்நுட்ப அலுவலர், பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாதிரியான ஆக்கள் இருந்து பிளானப் பாப்பாங்க. மண்டபத்தில உறுப்பினர்மார் கை உயர்த்திறது ஒரு தீர்மானம். அதுக்கு மதிப்பு இருக்கு, அரசியல் பாரமும் இருக்கு, ஆனா அது அனுமதிப்பத்திரம் இல்ல.

அதோட 1915ஆம் ஆண்டு வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் இன்னும் உயிரோட இருக்கு, வெள்ளைக்காரன்ட காலத்துச் சட்டம். கட்டிடப் பிளானுக்கு சபையிட ஒப்புதல் வேணும் எண்டுற கதை அங்க இருந்துதான் வருது. ஆகவே இனி ஆராவது "பாஸ் ஆயிட்டுது" எண்டு வந்து சொன்னா, "எது பாஸ் ஆனது, தீர்மானமா, துண்டு போடுற பிளானா, கட்டிடப் பிளானா?" எண்டு ஒருக்காத் திருப்பிக் கேளுங்க. பாதிப் பேர் அதோட கதைய மாத்திருவாங்க.

ஓடை வறண்டு கிடக்கு, மாடு மேயுது, பெடியள் கிரிக்கெட் விளையாடுறாங்க. அதுக்குப் போய் இவ்வளவு சத்தமா?

ஆடி மாசம் வந்து பாத்தா அப்பிடித்தான் இருக்கும். எங்கட பக்கம் மழை வாறது ஐப்பசிக்குப் பிறகு, கார்த்திகை மார்கழியிலதான் கொட்டித் தள்ளும், தை பாதியோட அடங்கிரும். வருசத்து மழையில பெரும்பங்கு அந்த ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள விழுந்து முடியுது. மிச்சக் காலம் ஓடை நித்திரை. காணி விக்கிறவன் ஏன் எப்பவும் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில ஆக்களக் கூட்டிக்கொண்டு போய்க் காணி காட்டுறான் எண்டு யோசிச்சுப் பாத்திருக்கிறீங்களா?

இன்னொண்டு, எங்கட ஓடையள்ள கனக்கதுக்கு வாயில மணல் திட்டு விழும். கடல் மணலக் கொண்டுவந்து முகத்துவாரத்த அடைச்சுப் போடும். மழை வந்து உள்ளுக்குத் தண்ணி ஏறி, திட்டு தானா உடைக்கோணும் இல்லாட்டி ஆக்கள் மண்வெட்டியோட போய் வெட்டி விடோணும். அது உடைக்குமட்டும் தண்ணி எங்க நிக்கும்? இந்தப் பள்ளத்திலதான் நிக்கும். இப்ப மாடு மேயுற அதே இடத்தில.

2020 மார்கழி புரெவி சூறாவளி எங்களுக்கு வடக்கால கரையேறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்குப் பிறகு ஒரு அளவு வேலையா அந்தக் காணிப்பக்கம் போனன். பக்கத்து வளவு மதிலில சேத்துக் கோடு ஒண்டு என்ட முழங்காலுக்குக் கொஞ்சம் மேல நேரா ஓடிக்கிடந்தது, அளவுநாடா பிடிச்சுப் பாத்தன், 22 அங்குலம். மதில்காரர் அடுத்த தைப்பொங்கலுக்கு வெள்ளை அடிச்சிட்டார், கோடு போயிட்டுது.

காணி என்ட சொந்தம், உறுதிப் பத்திரம் இருக்கு. ஓடைக்கு ஏன் நான் இடம் விடவேணும்?

உறுதியில உங்கட பேர் இருக்கிற அளவுக்குத்தான் உங்கட சொந்தம். பொது ஓடைட படுக்கை அரசுக்குச் சொந்தம், 1947ஆம் ஆண்டு 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தில இருக்கு. அதுக்குப் பக்கத்தில ஓடை ஒதுக்கு, அதாவது ஒண்டும் கட்டாம விடுற கரைத் துண்டு, எண்டு விட்டிருந்தா அதுவும் அப்பிடித்தான். உங்கட எல்லை "ஓடை" எண்டு உறுதியில எழுதியிருந்தா நடு ஓடை வரைக்கும் எனக்கு எண்டு அர்த்தம் இல்ல.

சேவையர் (நில அளவையாளர்) கீறின பிளான எடுத்து விரிச்சுப் பாருங்க. ஓடைப்பக்க எல்லையில நெளிஞ்சு நெளிஞ்சு ஒரு கோடு போகும், அதுக்கு வெளியால ஒதுக்கு எண்டு சின்ன எழுத்தில இருக்கும். ஒருக்கா என்னட்ட வந்த ஒரு தம்பி கொண்டுவந்தது போட்டோகொப்பி. ஏ-4 பேப்பருக்குள்ள அடங்கோணும் எண்டு ஓரத்த மடிச்சுக் கொப்பி எடுத்திருக்கிறாங்க, மடிப்புக்குள்ள போனது அந்த ஒதுக்குத்தான். புரோக்கர் தெரிஞ்சு செய்தாரோ தெரியாமச் செய்தாரோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். மூலப் பிளான எடுப்பிச்சுப் பாத்தா அந்தத் தம்பிட 12 பேர்ச்சில (160 பேர்ச் ஒரு ஏக்கர்) வீடு வைக்கக்கூடிய இடம் பாதிக்கும் குறைவு. ஆகவே போட்டோகொப்பிய நம்பாதேங்க.

சரி, எத்தின அடி விடவேணும்? சுத்தி வளைக்காம ஒரு நம்பரச் சொல்லுங்க.

ஒரு நம்பர் இல்ல, அதுதான் பிரச்சினையே. ஓடைட அகலத்தப் பொறுத்து, கடலோட தொடர்பு இருக்கோ இல்லையோ எண்டதப் பொறுத்து, என்ன கட்டுறீங்க எண்டதப் பொறுத்து மாறும். அதோட ஒவ்வொரு திணைக்களமும் தன்ட அளவோட வரும். திட்டமிடல் கட்டிட ஒழுங்குவிதியள் 2021இல புதுசா வந்தது, அதுக்கு முந்தி 1986ஆம் ஆண்டு விதியள், பழைய விதிய மனப்பாடம் செய்து வச்சிருக்கிற ஆக்கள் இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரியிறாங்க. "பத்தடி விட்டாக் காணும்" எண்டு தேத்தண்ணிக் கடையில சொல்றவரட்ட எழுத்தில தரச் சொல்லிக் கேளுங்க.

செய்யவேண்டியது, பிளான் கீற முதல் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பம் போடுறது. அதில அவங்களே சொல்லுவாங்க ஓடையில இருந்து எவ்வளவு, வீதியில இருந்து எவ்வளவு, எந்தெந்தத் திணைக்களத்திட்டக் கடிதம் வேணும் எண்டு. கொஞ்சம் காசு, கொஞ்சம் அலைச்சல்தான். ஆனா கம்பி கட்டின பிறகு உடைக்கிறதவிட மலிவு.

கடல் அரை மைல் தள்ளி இருக்கு. கரையோரத் திணைக்களத்துக்கு இதில என்ன வேலை?

இந்தக் கேள்வி சபையிலயும் ஒருத்தர் கேட்டவராம். வேலை இருக்கு. 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி கரையோர வலயம் எண்டா பொதுவா சராசரி உயர்நீர்க் கோட்டில இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர்க் கோட்டில இருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். ஆனா ஆறு, ஓடை, களப்பு எண்டு கடலோட நிரந்தரமாவோ இடைக்கிடையோ தொடுக்கிற நீர்நிலை எண்டா கணக்கு வேற. அதுட வாயில ரெண்டு கரையையும் சேத்து ஒரு நேர்கோடு கீறி, அதில இருந்து செங்குத்தா 2 கிலோமீற்றர் உள்ளுக்கு வலயம் போகும். 2011இல திருத்தம் கொண்டுவந்து, அப்பிடியான நீர்நிலையிட ஓரத்தோட சராசரி கடல்மட்டத்தில இருந்து இன்னும் 100 மீற்றர் தரைப்பக்கத்தையும் சேத்தாங்க.

"இடைக்கிடை" எண்ட சொல்ல வடிவாக் கவனியுங்க. மணல் திட்டு அடைச்சுக் கிடக்கிற ஓடையும் அதுக்குள்ளதான் வரும், மார்கழியில உடைச்சுக் கடலுக்குப் போகுதுதானே. ஆகவே அரை மைல் எண்டா ஒரு கிலோமீற்றர் கூட இல்ல, கோட்டுக்குள்ள நல்லா வரும். வலயத்துக்குள்ள கட்டுறதெண்டா அந்தத் திணைக்களத்திட அனுமதிப்பத்திரமும் வேணும். சாம்பல்தீவுப் பாலத்தில நிண்டு ரெண்டு பக்கமும் பாத்தீங்களெண்டா, கடலும் ஓடையும் எங்க பிரியுது எண்டு உங்களுக்கே சொல்ல ஏலாமத்தான் இருக்கும்.

ஈ.ஐ.ஏ ஈ.ஐ.ஏ எண்டுறாங்களே, அது இதுக்குத் தேவையா?

சுற்றாடல் தாக்க மதிப்பீடு. 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல வந்த திருத்தத்தோட இது கட்டாயமானது, எந்தெந்தத் திட்டத்துக்கு எண்ட பட்டியல் 1993 ஆனி மாச வர்த்தமானியில வந்தது. வீடு எண்டா 1000 வீட்டுக்கு மேல. ஈரநிலம் நிரப்பிறதெண்டா 4 ஹெக்டேயருக்கு மேல. கம்பனிக்காரர் சொல்றது இதத்தான், "எங்கட நூறு வீடுமில்ல, எங்களுக்கு ஈ.ஐ.ஏ வேண்டாம்". அந்த அளவில அவங்க சொல்றது சரி.

ஆனா அதே பட்டியலிட கடைசிப் பகுதிய அவங்க வாசிக்கேல்ல, இல்லாட்டி வாசிச்சும் சொல்லேல்ல. உணர்திறன் கூடின இடங்கள் எண்டு கொஞ்ச இடங்களச் சொல்லி, அங்க எண்டா அளவப் பாக்காம இந்த நடைமுறைக்குள்ள வரும் எண்டு இருக்கு. அதில ஒண்டு, ஒரு பொது ஓடை அது போற வழியில எங்கயாவது ஒரு இடத்தில 25 மீற்றருக்கு மேல அகலமா இருந்தா, அதுட கரையில இருந்து 60 மீற்றருக்குள்ள வாற இடம். எங்கயாவது ஒரு இடத்தில. காணிக்கு முன்னால ஓடை எட்டு மீற்றர்தான் எண்டு காட்டுறது காணாது, முகத்துவாரப் பக்கம் போய் அளக்கோணும். நான் என்ட கண்ணால பாத்த அளவில அங்க 25க்குக் குறைவில்ல, ஆனா என்ட கண் சேவையர் இல்ல. சபை முதல்ல செய்யவேண்டிய வேலை, ஒரு சேவையர அனுப்பி இந்த ஒரு அகலத்த எழுத்தில எடுக்கிறது. ரெண்டு கூட்டம் சத்தம் போட்டும் இத ஒருத்தரும் கேக்கேல்ல எண்டது எனக்குச் சரியான விசர்.

முழு ஈ.ஐ.ஏ எண்டு வந்தா அறிக்கைய 30 நாளைக்குப் பொதுமக்கள் பாக்க வைக்கோணும், அந்த நாளுக்குள்ள நீங்க எழுத்தில கருத்துக் குடுக்கலாம். பத்திரிகை விளம்பரத்தில சின்னதா வரும், கண் வச்சிருங்க.

கிரவல் போட்டு நாலடி உயர்த்தினா வெள்ளம் வராதுதானே?

உங்களுக்கு வராது. பின்வளவுக்கு வரும். தண்ணி காணாமப் போற சாமான் இல்லத்தானே, நீங்க அது நிக்கிற இடத்த எடுத்தா அது வேற இடம் தேடும்.

ஒரு கணக்குப் பாருங்க. ஒரு ஏக்கர் எண்டா 4047 சதுர மீற்றர். மார்கழியில ஒரு நாளில 100 மில்லிமீற்றர் மழை எண்டது எங்களுக்குப் புதுசில்ல. அப்ப ஒரு ஏக்கரில விழுறது நாலு லட்சம் லீற்றர் சொச்சம். 6000 லீற்றர் பவுசரால எண்டா 67 பவுசர். ஆறு ஏக்கருக்கு நானூறு பவுசர், ஒரே நாளில. இப்ப அதில ஒரு பங்க மணலும் புல்லும் குடிக்குது, மிச்சம் பள்ளத்தில நிண்டு மெதுவா ஓடைக்கு இறங்குது. கூரை, கொங்கிறீற் வீதி, சீமெந்து முத்தம் எண்டு மூடினா குடிக்க ஒண்டுமில்ல, எல்லாம் ஒரே நேரத்தில வாய்க்காலுக்கு ஓடும். மெயின் றோட்டுக்குக் கீழ போற மதகு எவ்வளவு எண்டு போய்ப் பாருங்க, ரெண்டு குழாய், ஒண்டு பாதிக்கு மண்ணால அடைச்சு, மற்றதில ஒரு பழைய நுளம்புவலை சிக்கிக் கிடக்கு.

தாழ்நிலம் நிரப்பிறதுக்கும் தனி அனுமதி இருக்கு, இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திட்டக் கேக்கச் சொல்லுவாங்க. பள்ளப்பக்கம் வயல்காணி எண்டு பதிஞ்சிருந்தா 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் வரும், கமநல ஆணையாளர் நாயகத்திட எழுத்து அனுமதி இல்லாம வயல நிரப்ப ஏலாது. பத்து வருசமா விதைக்கேல்ல எண்டதுக்காக வயல் வயலில்லாமப் போகாது. டிப்பர் ராவில வந்து கொட்டுதெண்டா திகதி, நேரம், வாகன இலக்கத்த எழுதி, பகலில ஒரு போட்டோவும் எடுத்து வையுங்க, வாய்ச்சண்டை வேண்டாம்.

கண்டல் மரத்த வெட்டினா நல்லதுதானே, அதுக்குள்ள இருந்துதான் நுளம்பு வருது?

டெங்கு நுளம்பு பெரும்பாலும் பெருகிறது உங்கட வீட்டுப் பூச்சட்டித் தட்டில, பழைய டயரில, பீலிக்குள்ள, தொட்டியில. ஓடைக்கு மேல பழி போடுறது லேசு, பீலியில ஏறிப் பாக்கிறதுதான் கஷ்டம்.

கண்டல் வேருக்குள்ளதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளருது. பின்னேரத்தில வீச்சுவலையோட ஓடைக்கு இறங்கிறவங்களட்டக் கேளுங்க, எந்த வளைவில இறால் படும் எண்டு சொல்லுவாங்க, மரம் நிக்கிற வளைவத்தான் சொல்லுவாங்க. அந்த வேர்தான் கரையையும் பிடிச்சு வச்சிருக்கு, மரத்த எடுத்தா ரெண்டு மாரிக்குள்ள கரை இடிஞ்சு உள்ளுக்கு வரும், பிறகு கம்பனி கல்லணை கட்ட வேண்டிவரும், அந்தக் காசு வீட்டு விலையில ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கண்டல் நடுறம் எண்டு எத்தின நிறுவனம் வந்து நட்டுப் பாதிக்கு மேல காஞ்சு போனது எண்டு எங்களுக்குத் தெரியும், தானா நிக்கிறத வெட்டிப்போட்டு நட்டுத் தாறம் எண்டுறதில எனக்கு நம்பிக்கை இல்ல.

கிணறு, மலகூடக் குழி எல்லாம் எப்பிடி? அதப் பத்தி ஒருத்தரும் கதைக்கிறாங்களில்ல.

நல்ல கேள்வி, இதக் கேட்டது ஒரு மாமி. நிலத்தடித் தண்ணி மேல நிக்கிற இடம் அது, மாரியில மண்வெட்டியால ரெண்டு கொத்துக் கொத்தினா ஊறும். அங்க வீட்டுக்கொரு குழி வெட்டினா குழி நிரம்பி மேல வரும், இல்லாட்டி ஊறி ஓடைக்கும் பக்கத்துக் கிணத்துக்கும் போகும். கிணத்துக்கும் குழிக்கும் ஐம்பதடி விடுங்க எண்டு பி.எச்.ஐமார் சொல்றது வழக்கம், 6 பேர்ச் 8 பேர்ச் துண்டில அந்த ஐம்பதடிய எங்க தேடுற? உங்கட வளவுக்குள்ள விட்டாலும் மதிலுக்கு அங்கால அடுத்தவன்ட குழி இருக்கும். இவ்வளவு வீட்டுக்கு எண்டா பொதுவா ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு கட்டோணும், அத ஆர் காலம் முழுக்க நடத்திறது, மாசக் காசு ஆர் கட்டுறது எண்டு எழுத்தில வரோணும். என்னட்டக் கேட்டா வெள்ளத்தவிட இதுதான் பெரிய பிரச்சினை. வெள்ளம் மூண்டு நாளில வடியும்.

அப்ப நீங்க வீடே கட்ட வேண்டாம் எண்டுற ஆளா? வாடகை குடுத்துக் குடுத்து நாங்க சாகிறம்.

இல்ல, வீடு கட்டினாத்தானே எனக்கும் சோறு. திருகோணமலையில காணி கிடைக்காத காரணம் எல்லாருக்கும் தெரியும். மூண்டு பக்கம் தண்ணி, மேட்டுக் காணியில பெரும்பங்கு துறைமுக அதிகாரசபைக்கும் படைக்கும் அரசுக்கும் கீழ, மிச்சத்துக்கு நிலாவெளி றோட்டுப் பக்கம் ஹோட்டல்காரர் விலை வைக்கிறாங்க. அதால நடுத்தர ஆக்கள் பள்ளத்துக்குத் தள்ளுப்படுறாங்க. இதுக்குச் சபையில குத்தம் சொல்லிப் பிரயோசனமில்ல, அந்தக் காணியள் சபையிட கையில இல்ல.

இந்தக் காணியிலயே கட்டலாம், இப்பிடி இல்ல எண்டுறதுதான் என்ட எண்ணம். மேட்டுப் பாதியில வீடு, மாடி வச்சு எண்டாலும் சரி. 1 ஹெக்டேயருக்கு மேல காணி துண்டு போட்டா வீதி போக 10 வீதம் பொதுத் திறந்தவெளிக்கு விடோணும் எண்டு விதி இருக்குத்தானே. ஆறு ஏக்கர் எண்டா 960 பேர்ச், வீதி கழிச்சாலும் எண்பது பேர்ச்சுக்குக் கிட்ட வரும். கம்பனி போட்டிருக்கிற பிளானில அந்தத் திறந்தவெளி மெயின் றோட்டுப் பக்கம், ஆட்களுக்குக் காட்ட வடிவா, ஊஞ்சலோட. அதத் தூக்கி ஓடைப் பக்கம் வைக்கச் சொல்லுங்க, ஒதுக்கோட சேந்து தண்ணிக்கு இடமும் ஆச்சு, பெடியளுக்கு வெயில் காலத்தில கிரிக்கெட் விளையாட இடமும் ஆச்சு. வீடு கொஞ்சம் குறையும். கம்பனிக்கு லாபமும் குறையும், அதுதான் இழுபறி.

"அப்ரூவ்ட் பிளான்" எண்டு சீல் குத்தினதக் காட்டினாங்க. முற்பணம் கட்டலாமா?

சீல வாசிச்சுப் பாத்தீங்களா? ரெண்டாவது பதிலில சொன்ன கேள்விதான், எது பாஸ் ஆனது. பூர்வாங்க அனுமதிக் கடிதத்திலயும் சீல் இருக்கும், அது "இன்னின்ன நிபந்தனைக்குக் கீழ யோசிக்கலாம்" எண்ட அளவுதான். துண்டு போடுற பிளானுக்கு அனுமதி வேற, கட்டிட அனுமதி வேற. எல்லாம் கட்டி முடிஞ்ச பிறகு சி.ஓ.சி, இணக்கச் சான்றிதழ், அது இல்லாமக் குடியிருக்கக் கூடாது எண்டுதான் சட்டம். பாங்கில லோன் எடுக்கிறதெண்டா இந்தப் பேப்பரெல்லாம் கேப்பாங்க, அங்கதான் கனபேருக்கு முதன்முதலா நெஞ்சு திக்கெண்டும்.

சீலுக்குப் பக்கத்தில கோவை இலக்கமும் திகதியும் இருக்கும். அத எழுதிக்கொண்டு சபைக்குப் போய் அந்தக் கோவை உண்மையா இருக்கா, காலாவதி ஆகிட்டுதா எண்டு கேளுங்க. கரையோரத் திணைக்களக் கடிதத்த தனியாக் காட்டச் சொல்லுங்க. "அது வரும் அக்கா, இப்ப புக் பண்ணினா விலை குறைவு" எண்டு சொன்னா, அது வந்த பிறகு விலை கூடக் குடுத்து வாங்குறது நல்லது.

கூட்டத்துக்குப் போய் நாங்களும் கதைக்கலாமா?

பாக்கலாம், பொதுமக்கள் இருக்கிற பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். எழும்பிக் கதைக்க ஏலாது, அது உறுப்பினர்மாருக்கு. ஆகவே கூட்டத்துக்கு முதலே உங்கட வட்டார உறுப்பினரப் பிடிச்சு, கேள்விய எழுதிக் குடுங்க. பேச்சு வேண்டாம், கேள்வி. "ஓடைட ஆகக் கூடின அகலம் எவ்வளவு, ஆர் அளந்தது?" "கரையோர அனுமதி இலக்கம் என்ன?" "மதகப் பெருப்பிக்கிற செலவு ஆருக்கு?" இந்த மாதிரி. பதில் கூட்ட அறிக்கையில ஏறும், பிறகு மாத்திச் சொல்ல ஏலாது.

மனு எண்டா ரெண்டு பிரதி கொண்டுபோங்க, ஒண்டக் குடுத்து மற்றதில திகதி சீல் வாங்குங்க. ஐந்நூறு பேர் கையெழுத்து வச்ச மனு ஒண்டு சீல் இல்லாமக் குடுத்து, பிறகு அப்பிடி ஒண்டு வரவே இல்ல எண்ட கதையும் நான் கண்டிருக்கிறன், வேற ஒரு அலுவலகத்தில, வேற ஒரு விசயத்துக்கு.

ஆர்.டி.ஐ போட்டா எங்களுக்குப் பிரச்சினை வராதா? ஏன் கேக்கிறாய் எண்டு கேப்பாங்களே.

ஏன் எண்டு சொல்லத் தேவையில்ல, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்திலயே இருக்கு. சபையில தகவல் அலுவலர் எண்டு ஒருத்தர் இருப்பார், அவரட்ட எழுத்தில குடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்க. 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். இல்லை எண்டா, இல்லாட்டிப் பதிலே வராட்டி, குறித்தொதுக்கப்பட்ட அலுவலர் எண்டு மேல ஒருத்தருக்கு 14 நாளுக்குள்ள மேன்முறையீடு, அதுக்குப் பிறகு கொழும்பில ஆணைக்குழு.

"வீட்டுத்திட்டம் பத்தி எல்லாம் தரவும்" எண்டு கேக்காதேங்க, ஒண்டும் வராது. திட்டமிடல் குழு இன்ன மாசத்தில எடுத்த முடிவிட பிரதி, காணிட சேவையர் பிளான் பிரதி, மற்றத் திணைக்களங்களிட கடிதப் பிரதி எண்டு பேப்பரப் பேப்பராக் கேளுங்க. பயமா இருந்தா சங்கத்தால இல்லாட்டி நாலு பேர் சேந்து போடுங்க.

சபை ஓம் எண்டு, கரையோரத் திணைக்களம் இல்லை எண்டா எது செல்லும்? மாறிச் சபை இல்லை எண்டா?

ரெண்டும் தனித்தனிக் கதவு, ரெண்டும் திறந்தாத்தான் உள்ள போகலாம். கரையோர அனுமதி தேவையான இடத்தில அது இல்லாமச் சபை தந்த அனுமதிய மட்டும் வச்சுக் கட்டினா பிழைதான், அப்பிடியே மறுபக்கமும்.

சபை வேண்டாம் எண்டு தீர்மானம் போட்டா முடிஞ்சுதா எண்டா, முடியேல்ல. விண்ணப்பத்த மறுத்தா காரணம் சட்டத்துக்குள்ள நிக்கோணும். "ஊராக்கள் விரும்பேல்ல" எண்ட ஒரு வரிக் காரணத்தோட அனுப்பினா கம்பனி மேன்முறையீடு, எழுத்தாணை (ரிட்) எண்டு கோட்டுக்குப் போய் வெண்டு வந்திரும். அதாலதான் அகலம், கடல்மட்டம், மதகு எண்டு தலையிடிக் கணக்கெல்லாம் மேல எழுதினது. எதிர்க்கிற உறுப்பினர்மாருக்கு இது விளங்கினா நல்லம், போன கூட்டத்தில ஒருத்தர் முக்கால் மணித்தியாலம் ஓடையப் பத்திக் கவிதை மாதிரிப் பேசினார், கைதட்டும் விழுந்தது, அறிக்கையில ரெண்டு வரிதான் வந்திருக்கு.

நான் ஏற்கனவே அந்த ஓடைக்கரையில இருபது வருசமா இருக்கிறன். இதக் கிண்டப் போய் என்னையும் எழுப்பிருவாங்களா?

இதக் கேக்க வாறாக்கள் கதவச் சாத்திப்போட்டுத்தான் கேக்கிறாங்க. உங்கட வீடு உறுதிக் காணிக்குள்ள முழுக்க இருந்தா ஒரு கதை, ஒதுக்குக்குள்ள ஒரு மூலை போயிருந்தா வேற கதை. தனியாரிட காணியெண்டா பத்து வருசம் ஆட்சி எண்டு வழக்காடலாம், அரசு காணிக்கு அந்த ஆட்சி ஓடாது, இருபது எண்டாலும் ஐம்பது எண்டாலும். நாலாவது பதிலில சொன்ன மாதிரி ஒதுக்கு அரசுட எண்டா வரி கட்டின துண்டு உங்கள உரிமைக்காரர் ஆக்காது. சபைக்குச் சோலைவரி கட்டுறது வேற, உரித்து வேற.

ஆனா விடியக்காலமை வந்து டோசர் விடவும் ஏலாது. எழுத்தில அறிவித்தல் தரோணும், நீங்க எழும்பாட்டி நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்க் கட்டளை எடுக்கோணும். நோட்டீஸ் வந்தா சுவரில ஒட்டினபடி விட்டுட்டு இருக்காதேங்க, நாள் எண்ணத் தொடங்கும். உறுதியோ பெர்மிட்டோ, சேவையர் பிளான், கரண்ட் பில், தண்ணி பில், சோலைவரித் துண்டு, பிள்ளையளிட பள்ளிக்கூடப் பதிவு, இடம்பெயர்ந்து வந்தாக்கள் எண்டா அப்ப ஜி.எஸ் (கிராம சேவகர்) தந்த கடிதம், எல்லாத்தையும் ஒரு பைலில போட்டு மழை படாத இடத்தில வையுங்க. உங்கட வீட்டு மூலைக்கும் ஓடைக்கும் எத்தின அடி எண்டு தெரியாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்க, அளவுநாடாவோட வாறன், அதுக்குக் காசு வேண்டாம்.